அப்பா உட்காரும் மணை

தாரை வார்க்கிற மணையில் என் மச்சினன் சுப்பிரமணி பெண்டாட்டியோடு உட்கார்ந்திருந்தான். பெண்ணைப் பெற்றவன் நான். பந்தியில் இலை போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டு வருவதற்குள் என் இடத்தில் இவன்.

"இன்னாடா இது?"

"நீங்கதான் சாமி இல்லன்றவராச்சே மாமா. அய்யரு மந்திரம் சொல்லசொல்ல நீங்க எதனா பேசி பேஜாராயிடப் போவுது. அக்காவாண்ட சொல்லிட்டுத்தான் குந்திக்கினேன்."

என் மனைவி வசுமதி தண்ணீர்ச் சொம்பை மார்போடு அணைத்தபடி தூணோரம் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னோடு சேர்ந்து அவளுக்கும்தான் இடம் போயிற்று.

கல்யாணமான நாளிலிருந்து இதே ரோதனை. திருக்கழுக்குன்றத்து மலையேற இவர்கள் வரும்போதெல்லாம் செருப்புகளுக்குக் காவலாகக் கீழே உட்கார்ந்திருப்பவன் நான். ஒருத்தரையாவது போகாதே என்றிருப்பேனா? பிரசாதப் பொங்கலைத் தின்றால், அது மட்டும் இறங்குதா என்பார்கள். அம்மா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெஞ்சில் அசந்து கண்ணை மூடினேன். உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன் என்று சொந்தமெல்லாம் பேச்சு. சாமி இல்லை என்றால் சாமியோடு சண்டை என்று அர்த்தமாம். சண்டைக்கு எதிரில் ஆள் வேண்டாமா? இப்போது சாமி வேண்டாதவனுக்கு மகளும் வேண்டாம் என்று இவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

"எழுந்திரு. எம்பொண்ண நான்தான் குடுப்பேன்."

சுப்பிரமணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப சாமிய ஒத்துக்கினீங்க!"

"எம்பொண்ணு கையப் புடிக்க நடுவுல சாமி எதுக்குடா?"

அது அவன் காதில் ஏறவே இல்லை. எழுந்த வேகத்தில் என் நெற்றியில் விபூதியைப் பட்டையாக இழுத்துவிட்டான். துடைக்கக் கையைத் தூக்கினேன். மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் என் கையையே பார்த்தார்கள். மணப்பெண் கோலத்தில் வைஷாலியும் பார்த்தாள். துடைத்தால் ரகளை, விட்டால் ஆயுசுக்கும் பக்தன். கையை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வசுமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வைஷாலியின் கையை வாங்கி மாப்பிள்ளையின் கைமேல் வைத்துப் பிடித்தேன். பின்னால் என் சித்தி செங்கம்மாள் மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள்: "பாத்தியா, பொண்ணு கண்ணாலம்னதும் எப்டி பக்தி வந்துட்சி!"

இல்லை என்று கத்தத் திரும்பினேன்.

"அப்பா," என்று வைஷாலி என் விரலை இறுக்கினாள்.

வசுமதி சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் என் கையிலிருந்து மகள் கைக்கும், அங்கிருந்து இன்னொருவன் கைக்கும் இறங்கியது. விபூதி வேர்வையில் கரைந்து கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைக்கக் கை இல்லை. கண்ணிலிருந்து வழிந்ததை வீடியோக்காரன் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து படம் பிடித்துக்கொண்டிருந்தான்.