அடிக்கப்பட்ட வரி

1

வாசகரே, இந்தக் கதை ஒரு நன்றியுரையின் மிச்சம். அந்த நன்றியுரையை எழுதிய பேனாவால்தான் இதையும் எழுதுகிறான், எழுதுகிறவன். ('நான்' என்று எழுதக் கூசுகிறது. படர்க்கை ஒரு போர்வை, பொறுத்தருள்க.)

அவன் மேடைப் பேச்சாளன். "பெருஞ்செல்வர்மீது வரி போடு! பொதுமக்கள் வாயில் மண் போடாதே!" என்று ஊர் ஊராகத் தொண்டை கிழிய முழங்குகிறவன். அவனுடைய அக்கா அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதம் பறித்த பேச்சை ஒவ்வொரு சொல்லாக மீட்டுத் தருவது அவள் வேலை. செல்வ வரியை நீக்கிய அரசு, சிக்கனம் என்ற பெயரில் அவள் அறையை மூட ஆணையிட்டது.

2

முதல் தொடக்கம்: கதிரவன் விழிக்குமுன் கண்ணீர் விழித்துக்கொண்ட அம்மருத்துவமனையில்—

(அடித்தாயிற்று. அக்கா படித்துவிட்டு, "எவன்டா அங்க அழுதான்? ஃபேன் ஓடலன்னு சண்டைதான் போட்டுட்டிருந்தாங்க" என்றாள்.)

இரண்டாம் தொடக்கம்: அறையில் ஒரு மேசை, முகம் பார்க்கும் கண்ணாடி, படம் ஒட்டிய அட்டைகள். கண்ணாடிமுன் முன்னாள் பேருந்து நடத்துநர். வாய் ஒருபக்கம் கோணியிருந்தது.

"அண்ணே, இது என்ன?" அக்கா சீப்புப் படத்தைக் காட்டினாள்.

அவர் தலை வாரிக் காட்டினார். வியர்த்தார். கடைசியில் வெடித்தது: "உள்ள போ! உள்ள போ! படியில நிக்காத!"

"நான் எங்கண்ணே போறது? சுவர்தான் இருக்கு." இருவரும் சிரித்தார்கள்.*

* பக்கவாதம் தேடிச் சொல்லும் சொற்களைப் பறித்தாலும், ஓயாமல் சொல்லித் தேய்ந்தவற்றைச் சில நேரம் விட்டுவைக்கிறது. 'உள்ள போ', 'போலாம் ரைட்', 'டிக்கெட் எடுத்தாச்சா?' எல்லாம் அவருக்கு மிஞ்சின. மனைவியின் பெயர் மிஞ்சவில்லை. அதைத்தான் இருவரும் தேடிக்கொண்டிருந்தார்கள். முதல் எழுத்து வந்துவிட்டது.

3

அறையைக் காக்க ஒரு தொழிலதிபர் முன்வந்தார். வரி நீக்கத்தால் கொழித்தவர். ஓராண்டுச் செலவை ஏற்பாராம். பதிலுக்கு விழா எடுக்க வேண்டும். பயன்பெற்றவர் ஒருவர் மேடையேறி நன்றி நவில வேண்டும்.

(இங்கே ஒரு சொற்பொழிவு குறுக்கிடுகிறது, தடுக்க முடியவில்லை. வரிப் பணத்தில் நடக்கும் அறைக்கு நோயாளி உரிமையோடு வருகிறான். எவன் காலையும் பிடிக்க வேண்டியதில்லை. கொடையில் நடக்கும் அறைக்கு அவன் இரவலனாக வருகிறான். கொடுப்பவர் மனம் கோணினால் அவன் வாய் கோணியது கோணியதுதான். அறையைக் கொடுத்து முதுகெலும்பைக் கேட்கும் இந்தக் கொடை— சரி, போதும்.)

"டேய், மூணு வரி எழுதிக் குடு" என்றாள் அக்கா. "கண்டக்டர் அண்ணன் 'நன்றி' மட்டும் சொல்வாரு. மீதிய நான் படிச்சுக்கிறேன்."

எழுதினான். மூன்றாம் வரி: 'செல்வத்தின்மீது கை வைக்க அஞ்சும் அரசு, நாவிழந்தவன் அறைமீது மட்டும் கை வைப்பதேன்?'

"இந்த வரி வேணாம்டா."

"பணக்காரங்களும் வரி வேணாம்னுதான்கா சொல்றாங்க."

"சிலேடையெல்லாம் உன் மேடையில வச்சுக்க. நீ கைத்தட்டு வாங்கிட்டுக் கிளம்பிடுவ. மறுநாள் அறையை யாரு திறப்பா? அவர் பொண்டாட்டி பேரு இன்னும் பாதிகூட வரலடா."

அவன் அந்த வரியை அடித்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். காலியான இடத்தில் 'வள்ளல் பெருமானே' என்று எழுதினான். அதை எழுதச் சொல்லி அக்கா கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

4

முடிவு அ: ஒலிபெருக்கிமுன் நடத்துநர். 'நன்றி' வரவில்லை. நாக்கு பழைய தடத்தில் ஓடுகிறது. முன்வரிசைச் செல்வரை நோக்கி அவர் கேட்கிறார்: "டிக்கெட் எடுத்தாச்சா?" அரங்கம் அதிர்கிறது.

எழுதும்போதே எழுதுகிறவனுக்குக் கைத்தட்டல் கேட்டது. பிறகு முகம் சுட்டது. தன் நாக்கு நன்றாக இருக்க, தான் அடித்த வரியை ஒரு நோயாளியின் நாக்கில் ஏற்றிவிட்டு, தான் மட்டும் சொகுசாக—

(இவ்வாக்கியத்தை முடிக்க இயலவில்லை.)

முடிவு ஆ: அவர் "நன்றி" என்கிறார், தெளிவாக. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மனைவியின் பெயரைத் தேட வேண்டிய நேரமெல்லாம் அந்தச் சொல்லைப் பழக்கப் போயிற்று.

5

விழா நாளைக் காலை. சற்றுமுன் அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

"நீயே வந்து படிச்சிடுறியா? வள்ளல்னு சொல்ல எனக்கு வாய் வரலடா."

"எனக்கு மட்டும் வருமாக்கா?"

"எழுத வந்துச்சுல்ல?"

வைத்துவிட்டாள்.

ஆக, தாள் அவன் கையில். அடித்த கோட்டுக்கு அடியில் அந்த வரி இன்னும் படிக்கும்படி இருக்கிறது. நாளை நடத்துநர் அவன் பக்கத்தில் நின்று, அக்காவின் உதட்டைப் பார்ப்பதுபோல் அவன் உதட்டையே பார்ப்பார், எந்தச் சொல் எப்படிப் பிறக்கிறது என்று.

அங்கே உங்களுக்கும் ஓர் இருக்கை உண்டு, வாசகரே. அறை திறந்திருக்க வேண்டுமா, வரி ஒலிக்க வேண்டுமா? இரண்டில் ஒன்றைத்தான் கொடுப்பேன் என்கிறது முன்வரிசை. முடிவை நீங்கள் எழுதுங்கள். முதற்சொல்லை மட்டும் இங்கே வைக்கிறேன். போர்வை இனி வேண்டாம்.

நான்—