தலைகாணி விழுந்த சத்தம்

"கொஞ்சம் சாய்ங்க... இந்தப் பக்கம்... ஐயோ, சுவரு!"

படிக்கட்டுத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சரின் முனை இடித்துச் சுவரில் ஒரு கீறல் விழுந்தது. லிஃப்டுக்குள் அது நுழையவில்லை. நிமிர்த்தி வைத்தால் நுழையும் என்று யாரோ சொன்னதற்கு, "எங்கப்பாவ நிக்க வெச்சா கொண்டு போவீங்க?" என்று நாத்தனார் கத்தியதில், மூன்று மாடியும் படிவழியாகவே இறக்கினார்கள். முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்நடையாக இறங்கிய கணவனுக்கு மூச்சு இரைத்தது. மருமகள் ஒரு ஜோடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். யாருடைய செருப்பு, எதற்காக எடுத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மாமனார் உயிரோடு இருந்திருந்தால் வாயைத் திறக்காமல் இரண்டு விரலை அசைத்தே இறக்க வைத்திருப்பார். வேலைக்காலம் முழுக்கக் கிரேன் ஓட்டியவர். "தூக்கறது எவன் வேணா தூக்குவான்மா. அலுங்காம இறக்கறதுதான் வேலை" என்பார். அந்த மனுஷனைப் போய் இப்படி இடித்து இடித்து இறக்குகிறார்களே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. அழுகைதான் வரவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து முதுகு மரத்துப் போயிருந்தது. அழுகையும் அதோடு சேர்ந்து மரத்துவிட்டது போலும்.

எல்லாம் முடித்துத் திரும்பியபோது மதியம் தாண்டிவிட்டது. வந்தவர்கள் ஒவ்வொருவராக, "வரோம்" என்று சொல்லக்கூடாது என்று நினைவு வந்து பாதியில் நிறுத்தி, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள். வாடகை நாற்காலிகளை எடுக்க ஆள் வரவில்லை. அவற்றின் நடுவே மூன்று பேர் மிச்சம்: கணவன், நாத்தனார், அவள்.

நாத்தனார் கைப்பையிலிருந்து மாமனாரின் போனை எடுத்து, திரையில் கோடு கோடாக இழுத்துப் பார்த்தாள். திறக்கவில்லை.

"நான் வாங்கிக் குடுத்த போனு. எனக்கே திறக்க மாட்டேங்குது பாரு."

"விடுக்கா. கடைல குடுத்தா எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆக்கித் தந்துடுவான்" என்றான் கணவன்.

"அதான் பண்ணணும். எங்க வீட்டுக்காரர் போன் கண்ணாடி உடைஞ்சு கெடக்கு. சாயங்காலம் போற வழியிலயே குடுத்துடறேன்."

டீ தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த மருமகள் அப்படியே நின்றாள். அழித்துவிட்டால் கரடி போய்விடும்.

கரடி என்பது மாமனார். அதாவது, ஆன்லைன் சண்டை விளையாட்டில் மாமனார் எடுத்துக்கொண்ட உருவம். அவளுடையது இறக்கை வைத்த ஒல்லிப் பெண். ஓர் அடி பட்டால் விழுந்துவிடுவாள் என்பதால் மாமனார் அதற்கு ஈசல் என்று பெயர் வைத்திருந்தார்.

அவளுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, யாரோ ஊர் பேர் தெரியாதவர்களின் இன்ஷூரன்ஸ் புகார்களுக்கு "புரியுதுங்க, புரியுதுங்க" என்று சொல்லும் வேலை. மதிய இடைவேளையில் மனம் ஆற இந்த விளையாட்டு. ஒருநாள் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தபோது தண்ணீர் எடுக்க வந்த மாமனார் நின்று பார்த்தார். "விரலை சட்டுனு எடுத்துடறம்மா. கொஞ்சம் பொறுத்து விடு" என்றார். பொறுத்து விட்டாள், ஜெயித்தாள். அடுத்த வாரம் அவர் போனிலும் விளையாட்டு ஏறியிருந்தது. கணக்கு எதுவும் தொடங்கவில்லை, எல்லாம் அந்த போனோடு சரி.

நேரில் இருவருக்கும் பேச்சே கிடையாது. "சாப்பிட்டீங்களா மாமா", "ஆச்சும்மா", அத்தோடு சரி. ஒருமுறை ஒரே சோபாவில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தார்கள். அவருக்குக் கூச்சம், அவளுக்கு அதைவிடக் கூச்சம். கேவலமாகத் தோற்றார்கள். அதன்பிறகு அவர் பின்னறையில், இவள் முன்னறையில், நடுவில் சுவர். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டால் அவளுக்கு வேறு வாய் முளைத்துவிடும்.

"மாமா! அங்க என்ன வேடிக்கை பாத்துட்டிருக்கீங்க? விழுந்து கெடக்கேன், தூக்குங்க!"

"வரேன் வரேன். நீ ஒரு எடத்துல நிக்காம பறந்தா நான் என்ன பண்றது?"

இடைவேளை முடிந்ததும் "டீ போடட்டுமா மாமா?" என்று வாசலில் நின்று கேட்பாள். "போடும்மா" என்று தரையைப் பார்த்துச் சொல்வார். கொஞ்ச நேரம் முன்னால் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்தான் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். மறைக்கவேண்டும் என்றெல்லாம் இல்லை. யாரும் கேட்கவில்லை, சொல்லவில்லை.

கரடிக்கு இருந்த சக்தி, விழுந்த கூட்டாளியைத் தூக்கிச் சுமப்பது. ஒரு கட்டத்துக்கு மேல் சக்தி வளர்ந்து வேறொன்றாக மாறும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தேர்ந்தால் தேர்ந்ததுதான், மாற்ற முடியாது. ஒன்று கேடயம்: சுமக்கும்வரை இருவர்மேலும் அடி படாது. மற்றது வீச்சு: தூக்கிய ஆளை எதிரிமேல் எறியலாம். வீச்சில் ஒரு வம்பு. விரலை எடுக்கும் நேரம் துல்லியமாக இருந்தால்தான் எறியப்பட்டவர் காலூன்றி இறங்குவார். இல்லாவிட்டால் எதிரியின் காலடியில் குப்புற விழுந்து அடிவாங்கிச் சாகவேண்டியதுதான். அவள் பார்த்தவரை எல்லாரும் குப்புறத்தான் விழுந்தார்கள்.

"கேடயமே எடுங்க மாமா. பேராசை வேணாம்."

"அதுவும் சரிதான்."

அந்த இரண்டு சொல் வீட்டில் பிரசித்தம். அவருடைய வீட்டை விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் சொன்னபோதும், பின்னறை போதும் என்றபோதும், கடைசியில் டாக்டர் ஆபரேஷன் என்றபோதும், "அதுவும் சரிதான்" என்றுதான் சொன்னார். அவர் எதையாவது எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. கேடயம் விஷயத்தில் மட்டும் ஆமாம் என்றாரே தவிர நாளைக் கடத்திக்கொண்டே வந்தார். "எடுத்தாச்சா மாமா?" என்றால், "எடுக்கலாம்மா, என்ன அவசரம்."

அப்புறம் ஆஸ்பத்திரி. கடைசி நாள் அவர் தலைமாட்டில் மகன் ஒரு கையையும் மகள் ஒரு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மருமகளுக்குக் கிடைத்தது கால்மாடு. போர்வையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். கேடயம் எடுத்தீங்களா என்று அந்த இடத்தில் எப்படிக் கேட்பது?

எடுக்காமலே போயிருப்பார். அதை அவருக்காக அவளே எடுத்து முடித்துவிட்டால் போதும். வேறொன்றும் வேண்டாம்.

"அண்ணி, அதக் குடுங்க. எனக்குத் திறக்கத் தெரியும்."

நாத்தனார் நிமிர்ந்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க ரெண்டு பேரும் விளையாடுவோம்."

"நாங்கன்னா?"

"நானும் மாமாவும்."

கணவன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தான். "என்ன விளையாட்டு?"

"சண்டை."

மாடியில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

"எங்கப்பா சண்டை போட்டாரா?" என்றாள் நாத்தனார். "நான் போன் பண்ணா 'நல்லாருக்கேன், வெச்சிடட்டுமா'ம்பாரு. ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு. உங்கிட்ட என்ன பேசுவாரு?"

என்ன பேசினார்? மருமகளுக்கு வெட்கமாக இருந்தது. நல்லதாக ஏதாவது சொல்லவேண்டும் என்று தேடினாள், கிடைக்கவில்லை.

"'பின்னாடி வரான், குனி'ம்பாரு."

"வேற?"

"'சுவத்தோரம் போய் மாட்டிக்காத'ம்பாரு."

நாத்தனார் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முந்தானையால் திரையைத் துடைத்து நீட்டினாள். "போட்டோவ மட்டும் எனக்கு அனுப்பிடு. மத்தத நீயே வெச்சுக்கோ."

"அக்கா, உன் வீட்டுக்காரர் போனு உடைஞ்சு..." என்று ஆரம்பித்த கணவன், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

பின்னறையில் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தது. தலைகாணி நடுவில் குழிந்திருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் இழுக்கிற மாதிரியே மேலிருந்து கீழே மெதுவாகக் கோடு இழுத்தாள். போன் திறந்தது. போட்டோக்களை முதலில் அனுப்பினாள், வாக்கு வாக்குதான். பிறகு விளையாட்டைத் திறந்தாள்.

கரடி வந்து நின்றது. ஆள் தொடாவிட்டாலும் அதன் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சக்திகள் இருக்கும் பக்கத்துக்குப் போனாள்.

கேடயத்தின்மேல் பூட்டு விழுந்திருந்தது. வீச்சு ஒளிர்ந்தது.

எடுத்திருக்கிறார். அதுவும் எப்போதோ. கீழே இருந்த தேர்ச்சிக் கோடு முழுவதும் நிறைந்திருந்தது. அந்தக் கோடு சும்மா நிறையாது. எறியப்பட்டவர் காலூன்றி இறங்கினால்தான் நகரும். குப்புற விழுந்தால் நகராது. பயிற்சி அறையைத் திறந்தாள். எறிந்து பழகுவதற்கு யாருடைய உருவத்தை வேண்டுமானாலும் நகலெடுத்து நிறுத்தலாம். அங்கே நின்றது ஈசல்.

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று இருந்துவிட்டு!

"கல்லுளிமங்கன்" என்றாள் வாய்விட்டு. சிரிப்பு வந்தது. அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. தலைகாணியில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். அதில் அவருடைய தைல வாசனை இருந்தது. எந்த இடத்தில் சிரிப்பு முடிந்து அழுகை ஆரம்பித்தது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அழாததும் படிக்கட்டில் அழாததும் சேர்ந்து வந்தது. ஹாலில் நாத்தனார், "அழட்டும், விடு. காலைலேர்ந்து கல்லு மாதிரி இருந்தா" என்று தம்பியிடம் சொல்வது கேட்டது.

அழுது ஓய்ந்தபின் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரடியைக் குனியவைத்தாள். அது ஈசலை இரண்டு கையாலும் அள்ளித் தலைக்கு மேல் தூக்கியது. விரலை எடுத்தாள். ஈசல் பறந்து போய் எதிர்த் தூணருகே குப்புற விழுந்தது.

தொப்.

இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். காலை நேரங்களில், அவள் யாருக்கோ "புரியுதுங்க" சொல்லிக்கொண்டிருக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் தொப், தொப் என்று கேட்கும். "காலைல என்ன மாமா சத்தம்? போன்ல இருக்கவங்களுக்குக் கேக்குது" என்று ஒருநாள் கேட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு, "தலைகாணி விழுந்துச்சும்மா" என்றார். மறுநாளிலிருந்து சத்தம் குறைந்துவிட்டது.

மறுபடி தூக்கினாள். எறிந்தாள். தொப். இன்னும் கொஞ்சம் பொறுத்து விட்டுப் பார்த்தாள். தொப். அவர் எங்கே விட்டார், எவ்வளவு பொறுத்தார்?

"என்ன சத்தம் அது?" என்றாள் நாத்தனார் ஹாலிலிருந்து.

"ஒண்ணுமில்ல அண்ணி. தலைகாணி விழுந்துச்சு."

சத்தத்தைக் குறைத்துவிட்டு, கரடியை மறுபடியும் குனியவைத்தாள்.