மரத்துக்கு வைத்த சவுரி

சலூன்காரருக்கு ஓர் அக்கா. அந்த அக்காவுக்கு ஒரு சைப்ரஸ் மரம். மகளின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் வெளியூர் கிளம்பியபோது, வீட்டுச் சாவியைத் தம்பியிடம் கொடுத்து அவள் சொன்னது கொஞ்சம்தான்.

"வாரத்துக்கு ரெண்டு தடவை வேரடியில தண்ணி ஊத்துடா. வேற எதுலயும் கை வைக்காதே."

மரம் அத்தான் வைத்தது. அத்தான் போய் நாலு வருடமாகிறது. அவரைப் போலவே மரமும் நெடுநெடுவென்று ஒல்லியாக, முதுகு வளையாமல் நின்றது. பன்னிரண்டு அடி உயரத்துக்கும் இடைவெளி இல்லாத பச்சை. காலையில் கதவைத் திறந்ததும் அக்கா அதனிடம்தான் முதலில் பேசுவாள். பால் திரிந்தது, முழங்கால் வலி, மகளோடு போனில் சண்டை, எல்லாம் அதற்குத் தெரியும். அத்தான் உயிரோடு இருந்தபோது காதில் வாங்காததையெல்லாம் மரம் பொறுமையாகக் கேட்டது.

இரண்டு வாரம் சலூன்காரர் தண்ணீர் மட்டும்தான் ஊற்றினார். மூன்றாவது வாரம் பக்கவாட்டில் ஒரு கிளை துருத்திக்கொண்டு நின்றது. முப்பத்தெட்டு வருடம் கத்தரி பிடித்த கை அது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் காதோரம் ஒற்றை முடி நீட்டிக்கொண்டிருந்தால்கூடப் பொறுக்காத கை. நறுக்கினார். வலப்பக்கம் கனமாகத் தெரிந்தது. அதையும் குறைத்தார். இப்போது இடப்பக்கம் கனத்தது. சரி பார்க்கிறேன் சரி பார்க்கிறேன் என்று பின்னால் நகர்ந்து நிமிர்ந்தபோது, மரத்தின் நெஞ்சு உயரத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பொத்தல். உள்ளே பழுப்புக் குச்சிகள்.

அவர் பதறவில்லை. 'வளர்ந்துடும்' என்று அதுவரை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருந்தார். ஒருவருக்கும் பொய்த்ததில்லை. தம் தலையே சாட்சி. அறுபத்திரண்டு வயதிலும் அடர்ந்த நரை. கடைக்கு விளம்பரப் பலகையே தேவைப்படவில்லை.

உண்மையைச் சொன்னவர் வங்கித் தோட்டக்காரர். முகம் முழுக்க நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"பச்சை நுனிய வெட்டினா இன்னும் அடர்த்தியா வரும். பழுப்புக் கட்டை வரைக்கும் போயிட்டா அவ்வளவுதான், திரும்பத் துளிர்க்காது."

கத்தி தொண்டைக்குழியில் நின்றது. "ஒரு வருஷம் ஆனா?"

"உங்க வழுக்கைக் கஸ்டமருங்களுக்கு எப்ப முளைக்குதோ அப்ப முளைக்கும். கத்திய எடுங்கண்ணே, பயமாயிருக்கு."

வழுக்கைக்கு என்ன செய்வார்களோ அதைத்தான் சலூன்காரரும் செய்தார். நாடகக்காரர்களுக்கு டோப்பாவும் சவுரியும் கட்டிய அனுபவம் அவருக்கு உண்டு. கம்பி வலையைப் பொத்தல் அளவுக்கு வளைத்தார். வங்கியின் சைப்ரஸ் வரிசையில் கழித்த கிளைகளை நெருக்கமாகக் கட்டினார். மூடி மாதிரிப் பொருத்தினார். எறும்புகளே நம்பி ஏறின.

வெட்டிய கிளை பதினைந்து நாள் பச்சையாக இருக்கும். அக்கா ஊர் திரும்பிய பிறகும் பதினைந்து நாளுக்கொரு முறை அவர் பையோடு வந்தார். மதியம் அவள் அரைமணி கண்ணயரும்போது சவுரியை மாற்றினார். தோட்டக்காரருக்குக் கைமாறாகத் தினமும் இலவச ஷேவிங். அந்தத் தாடையில் முகம் பார்த்துப் பெண்கள் பொட்டு வைத்துக்கொண்டதாகப் பேச்சு.

"கூடப்பொறந்தவன்னு ஒருத்தன் இருக்கறதே இப்பத்தான்டா தெரியுது" என்று அக்கா டீ கொடுத்தாள். "நீ தண்ணி ஊத்தின ராசியப் பாரு. நெஞ்சுப் பக்கம் என்ன செழிப்பு!"

டீயில் சர்க்கரை அவருக்குப் பிடித்த அளவில் சரியாக இருந்தது. அதனால்தான் டம்ளரைப் பாதியில் வைத்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பார். "பிஸ்கெட் இருக்கா அக்கா?" என்று கேட்டு மூடுவார். அந்த வருடம் அவர் மூன்று கிலோ கூடினார்.

அப்புறம் சவுரிக்குள் ஒரு குருவி கூடு கட்டியது. அவர் மாற்றப் போனபோது உள்ளே மூன்று முட்டை. தாய்க்குருவி அவரை முறைத்தது. ஏற்கெனவே ஒரு பாவம் தலையில் இருக்க, இன்னொன்றுக்கு இடமில்லை. கைப்பையை மூடிக்கொண்டு திரும்பிவிட்டார். குஞ்சு பொரித்தது. சவுரி மஞ்சளாகி, சிவந்து, துரு நிறத்துக்கு வந்தது.

அடுத்த முறை அவர் வாசலுக்கு வந்தபோது அக்கா தூங்கவில்லை. மரத்தின் முன் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. தண்ணி வீணாகுதேன்னு துணி அலசின சோப்புத் தண்ணிய ஊத்திட்டேன். நீங்க வச்சதை என் கையாலேயே கொன்னுட்டேன்."

தம்பியைப் பார்த்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ரெண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பார். சோப்பு பழியைச் சுமந்திருக்கும். சலூன்காரருக்கு அந்த எண்ணம் வராமல் இல்லை. வந்தது, ஒரு நிமிடம் உட்காரவும் செய்தது.

"அக்கா, அது நீ இல்ல. நான்தான்."

"என்னடா நீ?"

"அது மரமே இல்லக்கா. சவுரி."

கத்தரி முதல் குருவி வரை எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கிட்டே போய்ப் பார்த்தாள். கம்பி தெரிந்தது. மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்தன.

"இதுங்க பறக்கட்டும். அப்புறம் உன்னப் பேசிக்கறேன்."

பன்னிரண்டு நாள் அவள் பேசவில்லை. மரத்திடம் பேசினாள், அதுவும் அவர் காதில் விழும்படி. குஞ்சுகள் பறந்த அன்று சவுரியைக் கழற்றச் சொன்னாள். பொத்தல் அப்படியே இருந்தது. நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

"உக்காரு. கத்தரியக் குடு."

அவருடைய நரைமுடியில், உச்சிக்கு முன்னால், டீ டம்ளர் வாய் அகலத்துக்கு ஒட்ட வெட்டினாள். "போடா. வளர்ந்துடும்."

வளர்ந்திருக்கும். ஆனால் மூன்று மாதம் கழித்து அவர் தொப்பியைக் கழற்றியபோது வட்டம் அப்படியே பளபளத்தது. அக்கா குனிந்து பார்த்தாள். ஓரத்தில் அன்று காலை கத்தி பட்ட சின்னக் கீறல்.

"ஏன்டா, வளரலையா?"

"என்னமோ தெரியலக்கா. வளர மாட்டேங்குது."

மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்த குடத்தில் மிச்சம் ஒரு கை நீர் இருந்தது. அதை அக்கா அந்த வட்டத்தில் ஊற்றினாள்.

"வாரத்துக்கு ரெண்டு தடவை வாடா" என்றாள்.