தூண் நாற்பத்தேழு, மேம்பாலத்தடி

வெள்ளையடிக்க வந்தவர் நாற்பத்தேழாம் தூணில் ஏணியைச் சாய்த்ததைப் பார்த்து, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஊக்கு ஈரக் கையோடு ஓடிவந்தாள். கிழிந்ததையெல்லாம் ஊக்குக் குத்தியே ஒப்பேற்றிவிடுவதால் மேம்பாலத்தடியில் அவளுக்கு அந்தப் பெயர். வயது பன்னிரண்டு இருக்கும். தங்கைக்கு ஆறு. அம்மா போன பிறகு அந்த ஆறு வயசுக்கு அம்மாவும் அவள்தான்.

"அண்ணே, அந்த நம்பர மட்டும் விட்டுடுங்கண்ணே."

"ஏன், உங்க வீட்டுச் செவுரா?"

"ஆமா."

அவர் சிரித்துக்கொண்டே பிரஷை முக்கி ஒரு இழுப்பு இழுத்தார். நாலும் போயிற்று, ஏழும் போயிற்று. அடுத்த வாரம் புதிதாக எழுத ஆள் வருவார்கள் என்று ஆறுதல் வேறு.

அடுத்த வாரம் யாருக்கு வேண்டும்? தங்கையைச் சேர்க்கப் போனபோது பள்ளிக்கூட கிளார்க் விலாசம் கேட்டார். தினமும் கண் விழித்ததும் தெரிகிற எண்ணைச் சொன்னாள். "தூணெல்லாம் வீடாம்மா? சரி, ஒரு கடுதாசி போடறேன். அது உன் வீட்டுக்கு வந்து சேந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துட்டு வா, பேர எழுதிக்கறேன். இல்லன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்." தனக்கும் இப்படித்தான் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லிச் சொல்லியே, பென்சில் பிடிக்க வேண்டிய கை குப்பை பொறுக்கப் பழகிவிட்டது. இன்றைக்கு வியாழன்.

செங்கல் துண்டால் எழுதிப் பார்த்தாள். ஈரச் சுண்ணாம்பில் ஒன்றும் பிடிக்கவில்லை. பொறுக்கப் போகாமல் சாலை முனையில் போய் நின்றுகொண்டாள். வயிறு கேட்டபோதெல்லாம் அதற்குக் குழாய்த் தண்ணீரைக் காட்டினாள்.

உச்சி வெயிலில் தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வெள்ளை வெளேரென்ற தூண்களை அண்ணாந்து பார்த்தபடி வந்தார்.

"சார், நாப்பத்தேழுக்குத்தானே?"

"ஆமாம்மா. இல்லாத விலாசம்னு திருப்பி அனுப்பறதா இருந்தேன். யாரு பேருக்கு?" தங்கையின் பெயரைச் சொன்னாள். அவர் உறையைப் பார்த்துத் தலையாட்டினார். "இந்தா, பிடி."

கை தானாக நீண்டது. இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இங்க வேணாம் சார். வீட்டுக்கு வந்து குடுங்க."

"அடிப்பாவி! இங்கயும் தெரு, அங்கயும் தெரு. வெயில் மண்டையப் பொளக்குது, நான் இன்னும் நாலு தெரு சுத்தணும்."

"வீட்டுக்கு வந்துச்சான்னு கேப்பாங்க சார். மொத மொதல்ல அவ பேர எழுதறப்போ பொய் சொல்லி எழுத வேணாம்."

தபால்காரர் நெற்றி வியர்வையை வழித்து உதறினார். கடிதத்தைத் திரும்பப் பைக்குள் போட்டார். அவள் ஒவ்வொரு தூணாகத் தொட்டு எண்ணிக்கொண்டே முன்னால் நடந்தாள். பின்னால் சைக்கிள் கிறீச்சிட்டு வந்தது.

தூணுக்கும் ஒரு நைந்த பிளாஸ்டிக் தாளுக்கும் நடுவில், ஆள் நிமிர முடியாத இடம். தட்டுவதற்குக் கதவில்லை. தபால்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சைக்கிள் மணியை இரண்டு முறை அடித்தார்.

தாளுக்குப் பின்னால் எதுவோ உருண்டது. தலையை வெளியே நீட்டாமல், உள்ளேயிருந்தபடியே தங்கை கேட்டாள்.

"யாருங்க அது?"