மேட்டில் அணைக்கக் கூடாத வண்டி

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது பசிலியா. நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே அவளுடைய மோட்டார் சைக்கிள் பட்டறை இருக்கிறது.

"எழுதுறவன்னு சொல்லிக்கிற. ஒரு நாளாச்சும் பிரயோஜனமா எழுது, தம்பி. தப்பு என் மேல இல்லன்னு ஊருக்குத் தெரியணும்" என்றாள்.

எந்த ஊருக்கு என்று கேட்டேன். நான் எழுதுவது தமிழில். இந்த லா பாஸ் நகரத்தில், அதுவும் வில்லா ஃபாத்திமா பேட்டையில், அதைப் படிக்க என்னைத் தவிர ஆள் கிடையாது.

"அப்ப ரொம்ப நல்லது. எவனும் எதுத்துப் பேச மாட்டான்" என்றாள்.

ஆக, ஒருதலைச் சாட்சியாகத் தொடங்கும் கதை இது. தொடக்கம்தான் பிடிபடவில்லை. எழுதிப் பாதியில் விட்டவை:

(அ) பனி மூடிய மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஒன்று இருமிக்கொண்டே ஏறி

[வேண்டாம். வண்டி இருமுகிறது என்று எழுதினால் பசிலியா கோபிப்பாள். எந்த இடத்தில், எந்த வேகத்தில் என்று சொல்லாமல் 'இருமுது' என்று வருகிற வாடிக்கைக்காரரை அவள் திருப்பி அனுப்பிவிடுவாள்.]

(ஆ) ஃபெர்மின் சோக்கே தன் மகளை உயிராக நேசித்தான், ஆனால்

[எந்தத் தகப்பன்தான் நேசிக்கவில்லை. அந்த 'ஆனால்' வந்ததும் எனக்கே கொட்டாவி வந்தது.]

(இ) கார்புரேட்டர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் ஒரு கிண்ணம்.

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அந்தக் கிண்ணத்துக்கு மூளை கிடையாது. அதன் அடியில் ஜெட் என்று ஒரு பித்தளைத் துளை இருக்கிறது. எவ்வளவு துளையோ அவ்வளவு பெட்ரோல் போகும். பள்ளத்தாக்கில் காற்று கெட்டியாக இருக்கும், சரிப்பட்டுவிடும். மலை ஏற ஏறக் காற்று மெலிந்துகொண்டே வரும், பெட்ரோல் மட்டும் அதே அளவு போகும். மேட்டை நெருங்கும்போது எஞ்சினுக்குத் தொண்டைவரை பெட்ரோல். கறுப்புப் புகை கக்கிவிட்டு நின்றுவிடும்.

ஃபெர்மின் கீழே யுங்காஸ் பள்ளத்தாக்கில் ஆரஞ்சுத் தோட்டக் காவல்காரன். அவனுடையது பழைய ஜப்பான் வண்டி. ஞாயிறுதோறும் விடிந்ததும் அதில் கிளம்பி, மலை ஏறி, லா கும்ப்ரே மேட்டைத் தாண்டி, மறுபக்கம் எங்கள் தெருவில் வந்து இறங்குவான்.*

மேடு என்றால் சாதாரண மேடில்லை. இங்கே ஜூலைதான் குளிர்காலம், அப்போது அங்குள்ள ஏரித் தண்ணீர் உறைந்து கிடக்கும். அங்கே எல்லா ஓட்டுநர்களும் ஒரு நிமிஷம் நிறுத்தி, பூமித்தாய்க்கு ஒரு வாய் சாராயம் ஊற்றி, சக்கரத்தில் நாலு சொட்டுத் தெளித்து, வழி விடு என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஆனால் யாரும் எஞ்சினை அணைக்க மாட்டார்கள். அந்தக் குளிரில், அந்தக் காற்றில் அணைத்தால் மறுபடி உயிர் வராது. ஃபெர்மின் ஒரே ஒரு தடவை அணைத்திருக்கிறான். அன்றைக்கு மூடுபனிக்குள் செத்த வண்டியை உருட்டிக்கொண்டே இறங்கினான். அதற்குப் பிறகு, பெண்டாட்டியை விட்டாலும் விடுவேன், மேட்டில் சாவியைத் தொட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். பெண்டாட்டி விஷயம் அப்படியே ஆயிற்று.

[* மினிபஸ்ஸில் வரக் கூடாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆள் நிறையாமல் மினிபஸ் நகராது. ஞாயிற்றுக்கிழமை ஆள் நிறைவது கடவுள் சித்தம்.]

3

இந்த இடத்தில் லிடியா வருகிறாள். முதல் வரைவில் அவளை ராட்சசியாக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு முட்டுக்கட்டை வேண்டுமே என்ற சோம்பேறித்தனம்தான் காரணம். பிரிந்துபோன மனைவி, வாயாடி, நேரம் தவறினால் குழந்தையைக் காட்ட மாட்டேன் என்கிறவள் என்று எழுதிவிட்டுக் கீழே போய் அவளிடமே ஒரு ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக் குடித்தேன். யுங்காஸ் பாதை எங்கள் தெருவில் வந்து முடியும் முனையில்தான் அவளுடைய ஜூஸ் வண்டி நிற்கிறது.

"என்னப் பத்தி எழுதறியாமே" என்றாள்.

"கொஞ்சம்."

"அப்ப இதையும் எழுதிக்க. அவன் வராத அன்னிக்கு இவ பச்சத் தண்ணி குடிக்க மாட்டேங்கறா. ரோட்டப் பாத்து ஒக்காந்தவ ஒக்காந்தவதான். ரெண்டு வாட்டி ஆச்சு. நான் கடையப் பாப்பனா, இவளப் பாப்பனா? நான் கட எடுத்து வெக்கறதுக்குள்ள வந்தா வரட்டும். மூணாவது வாட்டியும் வரலன்னா ஞாயித்துக்கெழம கெடையாது. ஒரேயடியா அழுதுட்டுப் போகட்டும், வாராவாரம் அழ வேண்டாம்."

மாடிக்கு வந்து ராட்சசியைக் கிழித்துப் போட்டேன்.

'இவள்' என்றது ஸுல்மாவை. எட்டு வயது. அவள் பாதையைப் பார்ப்பதில்லை, கேட்கிறாள். மேட்டிலிருந்து இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் ஃபெர்மின் வண்டியின் சைலன்சர் 'பட், பட்' என்று வெடிக்கும். கார்புரேட்டரின் கோளாறுகளில் அது ஒன்று. மூன்று வளைவுக்கு அப்பாலே அது அவளுக்குக் கேட்டுவிடும். "அப்பா வெடிக்கிறார்" என்று எழுந்து நிற்பாள். மாடியில் எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு அதற்குப் பிறகுதான் கேட்கும்.

4

"கிண்ணத்தக் கழட்டி எறி. மூளை வெச்சுத் தரேன்" என்று பசிலியா சொன்னது இரண்டாவது முறை அவன் தவறிய பிறகு.

"இந்தக் கெழட்டு வண்டிக்கா, அக்கா?"*

"ஒனக்கு வைக்க முடியாது. வண்டிக்கு வைக்கலாம்."

விபத்தில் நசுங்கிய ஒரு சீன ஸ்கூட்டரின் உறுப்புகளைப் பழஞ்சாமான் சந்தையில் பொறுக்கி வந்தாள். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், அதற்கு அழுத்தம் கொடுக்க ஒரு பம்ப், எவ்வளவு பீய்ச்சலாம் என்று முடிவெடுக்கத் தீப்பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர். டாங்கின் வயிற்றில் துளை போட்டு ஒரு குழாயைப் பற்றவைத்தாள். கம்ப்யூட்டரை சீட்டுக்கு அடியில், பழைய டயர்த் துண்டில் சுற்றிக் கட்டினாள். வேலை நடந்த வாரம் முழுக்க எனக்கு மாடியில் தூக்கம் இல்லை. அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரு குறை இருந்தது. வண்டியில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் கம்பிச் சுருள் வெறும் விளக்குக்காகச் செய்தது. இப்போது பம்ப்பும் கம்ப்யூட்டரும் அதிலேயே சாப்பிட வேண்டும்.

"முடிஞ்சவரைக்கும் லைட்டு போடாத. போட்டா பேட்டரி எறங்கிரும். பேட்டரி எறங்குனா பம்ப்பு சுத்தாது. அப்புறம் நீ மலை உச்சியிலேருந்து உருட்டி விட்டாலும் ஸ்டார்ட் ஆவாது" என்றாள்.

பட்டறை வாசலில் வண்டி ஒரே தட்டில் கிளம்பியது. புகை இல்லை. பசிலியா தலைத்தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். ஃபெர்மின் பீர் வாங்கி வந்து முதலில் மண்ணுக்கும் பிறகு சக்கரத்துக்கும் ஊற்றினான். இன்ஜெக்டர் பக்கம் ஊற்றப் போன கையை அவள் தட்டிவிட்டாள். கதை இங்கேயே முடிந்திருந்தால் பசிலியாவுக்குத் திருப்தி.

[* ஸுல்மாவின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் பசிலியா. அந்த வகையில் ஃபெர்மினுக்கும் அவளுக்கும் உள்ள உறவுக்கு இங்கே தனிப்பெயர் உண்டு. தமிழில் தேடிப் பார்த்து அலுத்து, அவன் வாயில் 'அக்கா' என்று போட்டுவிட்டேன். அவனைக் கேட்கவில்லை.]

5

அடுத்த ஞாயிறு அவன் வந்தது ஆரஞ்சு லாரியின் மேல், வண்டியைக் கயிற்றால் கட்டி. லிடியா கடையை எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். மூன்றாவது தடவை.

மேட்டுக்குக் கொஞ்சம் கீழேயே எஞ்சின் பெட்ரோலில் மூழ்கி நின்றுவிட்டதாம். ஸ்டார்ட்டரை அழுத்தி அழுத்திப் பேட்டரியும் செத்ததாம். பழைய வியாதி, புது உடம்பு. பசிலியா பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, பிளக்கைத் துடைத்துப் போட்டு, சாவியைத் திருப்பினாள். வண்டி சமர்த்தாக ஓடியது.

"ஒங்கிட்ட வந்தா மட்டும் ஓடுது" என்றான் ஃபெர்மின். அழுகிற குரல்தான் அது.

பசிலியா வண்டியைச் சுற்றி வந்தாள். உட்கார்ந்தாள். கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கேட்டாள். "வர்ற வழியில எங்கெங்க அணைச்ச?"

"எங்கயும் இல்ல."

"சூப்பு குடிக்க நிக்கல?"

"நின்னேன். ஓடவிட்டுத்தான் குடிச்சேன்."

"நின்னு போச்சுல்ல, அப்பவாச்சும் சாவிய எடுத்தியா?"

"எடுப்பனா? சாவிமேலயே கைய வெச்சுக்கிட்டு ஸ்டார்ட்டர அமுக்குனேன். மேட்டுப் பக்கம் சாவிய எவன் தொடுவான்?"

விஷயம் இதுதான். அந்தத் தீப்பெட்டிக் கம்ப்யூட்டர் சாவி போடும் கணத்தில் ஒரே ஒரு தடவை காற்றின் அழுத்தத்தைப் பார்க்கும். அதை வைத்துத்தான் வழியெல்லாம் கணக்குப் போடும். பள்ளத்தாக்கில் சாவி போட்டவன் மேடுவரை எடுக்கவே இல்லையென்றால், அது பள்ளத்தாக்கின் காற்றுக்கே பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு வரும். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் அணைத்து மறுபடி சாவி போட்டிருந்தால் போதும், பூப்போல ஏறியிருக்கும். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டார்கள். கார்புரேட்டர் பழக்கிய பழக்கத்தைக் கழற்ற பசிலியாவிடம் ஸ்பானர் இல்லை.

"நீ முன்னாடியே சொல்லிருக்கணும்" என்றான் அவன்.

"உலகத்துல மனுஷனாப் பொறந்தவன் எவனாவது நாலு மணி நேரம் எஞ்சின அணைக்காம வருவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

[தப்பு யார் மேல் என்று நான் எழுதப் போவதில்லை. பசிலியா மன்னிக்க வேண்டும்.]

அவளே போய் லிடியாவிடம் பேசி, இன்னும் ஒரு ஞாயிறு வாங்கி வந்தாள். ஒன்றே ஒன்று.

6

அந்த ஞாயிறு இன்று. இதுவரை எழுதியது நடந்தது. இதற்கு மேல் நடந்துகொண்டிருக்கிறது.

மேசை ஜன்னலோரம் இருக்கிறது. கீழே ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் காலி ஆரஞ்சுப் பெட்டிமேல் ஸுல்மா உட்கார்ந்திருக்கிறாள். மடியில் தட்டு, தட்டில் வேகவைத்த சோளமும் வறுத்த இறைச்சியும் ஆறிக்கொண்டிருக்கின்றன. லிடியா பிழிந்த தோல்களைக் கோணியில் அள்ளுகிறாள், அவசரமில்லாமல்தான்.

சற்று முன் பசிலியாவின் போனுக்கு ஃபெர்மினின் குரல் பதிவு ஒன்று வந்தது. அவள் அதை மாடிக்கே கொண்டுவந்து எனக்குப் போட்டுக் காட்டினாள்.

"அக்கா, உண்டுவாவி ஊரத் தாண்டிட்டேன். ஒரே பனி, ரோடே தெரியல. லைட்டு போட்டுத்தான் வரேன், என்ன பண்றது. வண்டி கொஞ்சம் கனக்குது. இன்னும் அணைக்கல. நல்லா ஓடுற வண்டிய எதுக்கு அணைக்கணும்? அடுத்த வளைவுல பாக்கறேன்."

"அடுத்த வளைவு, அடுத்த வளைவுன்னு மேட்டுக்கே போயிருவான், கழுதை" என்றாள் பசிலியா. திருப்பி அழைத்தாள். மேட்டுப் பக்கம் சிக்னல் கிடையாது. "நீ எழுதிட்டுத்தான இருக்க? அவன் அணைச்சான்னு எழுதிரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

7

ஆகவே இனி வருவது கற்பனை. லா கும்ப்ரே. வண்டி நிற்கிறது, எஞ்சின் கறுப்பாகப் புகைந்துகொண்டு திணறுகிறது. ஃபெர்மின் மண்ணுக்கு ஒரு வாய் சாராயம் ஊற்றுகிறான். சாவிமேல் கை.

முதல் முடிவு: அணைக்கிறான். மூச்சு விடாமல் நிற்கிறான். மறுபடி சாவி. பம்ப் 'ங்ம்' என்று முனகுகிறது. எஞ்சின் கிளம்புகிறது, புகை வெளுக்கிறது.

இரண்டாவது முடிவு: அணைக்கிறான். மறுபடி சாவி. விளக்கு குடித்துத் தீர்த்த பேட்டரி 'டிக்' என்கிறது. பிறகு அதுவும் இல்லை. லாரிக்குக் கை காட்டுகிறான். லாரிகள்

[இதை முழுதாக எழுத எனக்கு மனம் வரவில்லை.]

மூன்றாவது முடிவு: அணைக்கவில்லை. கையை எடுத்துக்கொள்கிறான். புகையோடும் திணறலோடும் ஒரு வளைவு, இன்னொரு வளைவு. எதுவரை என்று எனக்குத் தெரியாது.

எது பொருத்தம் என்று தெரிந்துகொள்ளலாம் என்று ஜன்னலில் தலையை நீட்டி லிடியாவைக் கேட்டேன்.

"வந்தா அவனுக்கும் ஒரு ஜூஸ் போடுவேன். வரலன்னா வண்டியத் தள்ளிட்டுப் போவேன். இதுல கத என்ன இருக்கு?" என்றாள். பிழியும் யந்திரத்தைக் கழுவி முடித்துவிட்டாள். ஆனால் துணியை எடுத்து மறுபடி துடைக்கத் தொடங்கினாள்.

ஸுல்மா கண்ணை மூடிக்கொண்டு பாதைப் பக்கம் காதைத் திருப்பி வைத்திருக்கிறாள்.

அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இன்ஜெக்டர் வண்டி இறக்கத்தில் வெடிக்காது. ஆக்சிலரேட்டரை விட்டதும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். சைலன்சரில் வெடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. பட்டறை வாசலில் அது நின்று உறுமியதை ஸுல்மா கேட்டிருக்கலாம். அது மேட்டிலிருந்து இறங்கி வருவதை அவள் கேட்டதே இல்லை. பசிலியா, ஃபெர்மின், இத்தனை பக்கம் எழுதிய நான், மூன்று பேரில் ஒருவருக்கும் இதை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. அவன் வருவதும் வராமலிருப்பதும் இப்போது அவள் காதுக்கு ஒன்றுதான்.

மூன்று முடிவுகளையும் உங்களிடமே விட்டுவிடுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், பசிலியாவுக்கு எது வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் கீழே போகிறேன். கேட்காதே, கண்ணைத் திறந்து பாதையைப் பார், கொஞ்சம் சாப்பிட்டுக்கொண்டே பார் என்று அந்தக் குழந்தையிடம் சொல்ல வேண்டும்.