அரைவிலையாரும் தலையாட்டிய எலக்ட்ரீஷியனும்

தெருவில் அவருக்கு அரைவிலையார் என்றே பெயர். எதையும் பாதி விலைக்குத்தான் கேட்பார். டாக்டர் காய்ச்சல் நூற்றிரண்டு என்றபோது, "ஐம்பத்தொண்ணுன்னு போட்டுக்குங்க" என்றவர். அவர் தலை தெருமுனையில் தெரிந்தால் காய்கறிக்காரர் தராசோடு மேசைக்கு அடியில் போய்விடுவார்.

மாடியில் புது அறை கட்டியாயிற்று, வயரிங்தான் பாக்கி. விளக்கு, மின்விசிறி, பிளக் என ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட். பாயிண்டுக்கு இவ்வளவு என்பதுதான் கூலிக் கணக்கு. மனைவியின் தம்பி தன் வீட்டுக்கு முந்நூறு கொடுத்திருந்தான்.

"முந்நூறா! உன் தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கான் மாப்ளே. நான் நூத்தம்பதுல முடிச்சுக் காட்டுறேன்."

"முடிக்கலைன்னா அரைவிலையார்ங்கிற பட்டத்தை என்கிட்ட குடுத்துடணும் மாமா."

"குடுத்துட்டாப் போச்சு!"

வாய் முந்திக்கொண்டது. கடை கடையாக ஏறித் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திச் சம்பாதித்த பட்டம் அது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். ஒரு கன்னம் பூசணிக்காயாக உப்பியிருந்தது. கடைவாயில் சொத்தைப் பல். வாயைத் திறந்தால் உயிர் போய்விடும். அரைவிலையாருக்கு அது எங்கே தெரியும்? ஆள் சிரிப்பை அடக்கிக் கன்னத்தில் அடைத்து வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

"பாயிண்டுக்கு நூத்தம்பது. என்ன சொல்றே?" என்று கேட்டுவிட்டு, வரப்போகும் கூச்சலுக்குத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டினார்.

பல் விண்ணென்று தெறித்தது. எலக்ட்ரீஷியன் தலை மேலும் கீழும் ஆடியது.

அரைவிலையார் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். அவர் கேட்ட விலைக்கு உலகத்தில் யாரும் உடனே சம்மதித்ததில்லை.

"உனக்குக் கட்டுப்படியாகுமா?"

தலை ஆடியது.

"நல்ல வேலையாத்தானே இருக்கும்?"

ஆடியது.

"சுவிட்சைப் போட்டா வீடே பத்திக்குமோ?"

அதற்கும் ஆடியது!

"சரிப்பா, இருநூறு வச்சுக்கோ!" என்றார் பதறிப்போய். ஆட்டம் நிற்கவில்லை. இருநூற்றைம்பது என்றார். முந்நூறு என்றார். எதிராளி தோளே கொடுக்காத மல்யுத்தமாக இருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நீங்களே ஏத்திக்கிட்டுப் போறீங்க?"

"நீ சும்மா இரு. இவன் எனக்கு ஏதோ குழி தோண்டுறான். முந்நூத்தம்பது!"

எலக்ட்ரீஷியனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கன்னத்தை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வார்த்தை வார்த்தையாகத் துப்பினார். "சார்... பல்லு வலி... அதான் தலை ஆடுது. எங்க சங்க ரேட்டு முந்நூறு. மேல வாங்கினா திட்டுவாங்க."

ஆகா, ஒரு மறுப்பு! அரைவிலையாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நரம்பெல்லாம் முறுக்கேறியது.

"அதெல்லாம் முடியாது! முந்நூத்தம்பதுக்கு ஒரு காசு குறைய மாட்டேன்!"

"ஐயோ சார், முந்நூறு போதும்."

"உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். முந்நூத்தி நாப்பது!"

தெருவே வாசலில் கூடிவிட்டது. காய்கறிக்காரர்கூட மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து வேடிக்கை பார்த்தார். கடைசியில் முந்நூற்றிருபத்தைந்துக்கு முடிந்தது. எலக்ட்ரீஷியன் அழாத குறையாகப் பல் டாக்டரிடம் ஓடினார். அரைவிலையார் வென்ற மிதப்பில் மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். அங்கே மச்சினன் உட்கார்ந்திருந்தான். அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள்.

"என்னைவிட இருபத்தஞ்சு கூட! பட்டத்தை எடுங்க மாமா" என்று கையை நீட்டினான்.

அரைவிலையார் முகம் சுருங்கியது. நீட்டிய கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பாதிதான் தருவேன். இஷ்டம்னா வாங்கிக்கோ."