மாமியார் பூச்சியும் மருமகள் பூச்சியும்

ஆராய்ச்சி இதழ் அச்சாகி வந்த மறுநாளிலிருந்து வாலில்லாத அழகி வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தங்கள் ஆண்களை அடையாளம் தெரியாமல் போய்விட்டது. முந்தின நாள்வரை ஒரே எலுமிச்சைச் செடியைச் சேர்ந்து சுற்றி வந்தவைதான். இப்போது எதிரே ஆண்பூச்சி வந்தால், பேருந்தில் இடித்துக்கொண்டு நிற்கும் முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு விலகிப் பறந்தன. ஆண்கள் பாவம், கொஞ்ச தூரம் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு ஏதாவது ஒரு சுவரில் உட்கார்ந்துகொண்டன. ஊரில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. அச்சில் என்ன போட்டிருக்கிறதோ அதன்படி நடக்கிற பூச்சி அது என்பது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம்.

அந்தப் பழக்கம் அருங்காட்சியகத்தின் பழைய அதிகாரி காலத்தில் தொடங்கியது. அந்த இனத்தை முதன்முதலில் விவரித்து எழுதியவர் அவர்தான். கறுப்பு இறக்கை, ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள், பின்னிறக்கையில் கரண்டிக் காம்புபோல நீண்ட வால். பெண்களில் சிலவற்றுக்கு மட்டும் வால் கிடையாது, அதற்கு ஈடாக இறக்கையின் அடியில் சிவப்பு. இனத்துக்குத் தன் மனைவியின் பெயரை வைத்தார். கட்டுரையில் அவர் 'மலையில் பறக்கும்' என்று எழுதியதை, அச்சுக் கோப்பவர் ஒரு துணைக்காலைக் கூட்டிப் போட்டு 'மாலையில் பறக்கும்' என்று ஆக்கிவிட்டார். இதழ் வந்த வாரமே பூச்சிகள் மலையை விட்டுக் கூட்டமாக இறங்கி, வெயில் தாழ்ந்த பிறகு ஊருக்குள் பறக்க ஆரம்பித்தன. திருத்தம் போடச் சொல்லிக் கடிதம் எழுத உட்கார்ந்தவர் ஜன்னலைப் பார்த்தார். மாலை நேரம். பூச்சி பறந்துகொண்டிருந்தது. இதில் திருத்த என்ன இருக்கிறது என்று பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அவருக்குப் பிறகு அவர் மகன் அதே வேலைக்கு வந்தார். மகன் கட்டிக்கொண்டவளும் அதே படிப்பைப் படித்து, அதே அறையில், எதிர் மேசையில் உட்கார்ந்தாள். பூச்சிகளை வகை பிரிப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, இறக்கையில் எள்ளளவு வித்தியாசம் கண்டாலும் இது வேறு அது வேறு என்று பிரித்துவிடும். இன்னொரு கட்சி, எல்லாம் ஒன்றுதான் போங்கள் என்று சேர்த்துவிடும். கணவர் பிரிக்கிற கட்சி, மனைவி சேர்க்கிற கட்சி. துவைக்கப் போடும் துணியில்கூட அவர் வெள்ளை, சாம்பல் வெள்ளை, பழுப்பேறிய வெள்ளை என்று மூன்று குவியல் வைப்பார். அவள் வந்து மூன்றையும் ஒரே வாளியில் போட்டு அமுக்குவாள். ஆனாலும் அன்பான குடும்பம்தான்.

எல்லா வினையும் ஒரு விளையாட்டுப் பேச்சில் வந்தது. ஒரு மாலையில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அழகிப் பூச்சி ஒன்று வந்து விளக்கின்மேல் உட்கார்ந்தது. "இந்த வீட்டுல பூச்சிக்குக்கூட அத்தை பேருதான். என் பேருல ஒரு கொசுகூடக் கிடையாது" என்றாள். சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பார்க்கப் போய்விட்டாள். அவர் மறக்கவில்லை. அவள் வெளியூருக்குப் பயிற்சிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வாலில்லாத பெண்பூச்சிகளை மட்டும் தனியாகப் பிரித்துத் தனி இனமாக்கி, அதற்கு அவள் பெயரை வைத்துக் கட்டுரை எழுதினார். ஆண்கள் எல்லாவற்றுக்கும் வால் உண்டு, அவை அம்மாவின் இனத்தில் இருக்கின்றன. அதனால் கட்டுரையின் கடைசியில், வகைப்பாட்டுக்காரர்கள் வழக்கமாக எழுதுகிற வரியை எழுதினார்: 'ஆண்: அறியப்படவில்லை.' கல்யாண நாளன்று இதழை வண்ணத்தாளில் சுற்றிக் கொடுத்தார். ஊரில் மற்ற கணவர்கள் புடவை வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

"என்னங்க இது?"

"உனக்குன்னு ஒரு இனம்."

"ஆணே இல்லாம ஒரு இனமா?"

"எங்கேயாவது இருக்கும், கண்டுபிடிப்போம்."

"எங்கே போய்க் கண்டுபிடிக்கப் போறீங்க? போன வருஷம் ஒரே தாய் போட்ட முட்டையிலிருந்து வால் வச்சதும் வாலில்லாததும் வந்துச்சே, நான்தானே வளர்த்துக் காட்டினேன்?"

"அது போன வருஷம்" என்றார் அவர். "இனிமே வராது."

எரிச்சல் என்னவென்றால் அவர் சொன்னது சரியாக இருந்தது. வால் வைத்த தாயின் முட்டையிலிருந்து வாலில்லாதது வருவது நின்றுபோனது. வாலில்லாதவை ஆணைச் சேரவில்லை, முட்டையிடவில்லை. சில வாரங்களில் முடிய வேண்டிய ஆயுளை, அறியப்படாத ஆண் என்றாவது வந்துவிடும் என்பதுபோல, வருடக்கணக்காக இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்தன. இறக்கை கிழிந்தது, சிவப்பு மங்கியது. ஒவ்வொரு மழைக்காலமும் கொஞ்சத்தைக் கொண்டுபோனது. பொழுது சாய்ந்தால் பெயர்க்காரியைத் தேடி வந்துவிடும். அவள் தோளில், மூக்குக் கண்ணாடியில், தேநீர்க் கோப்பையின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு இறக்கையை மெதுவாகத் திறந்து மூடும். குறை சொல்ல வாய் இல்லாததுகளின் குறையைக் கேட்டுக்கொண்டிருப்பதைப்போல எரிச்சலான வேலை உலகத்தில் இல்லை.

மாமியாருக்கு மட்டும் இதில் சந்தோஷம். "உன் ஆளுங்க வந்தாச்சு, கதவைத் தொற" என்பார். "என் பேரு வச்சதுங்கள்லாம் குடும்பம் குட்டின்னு எப்படி இருக்குதுங்க பாரு. எல்லாம் பேரு ராசி."

"உங்க பிள்ளை பண்ணின ராசி, அத்தை."

அவள் சும்மா இருக்கவில்லை. இரண்டும் ஒரே இனம் என்று எழுதி, உயிரினப் பெயர்களை முடிவு செய்கிற பெயர்க்குழுவுக்கு அனுப்பினாள். வாலில்லாத பெண் வாலுள்ள ஆணோடு சேர்வதை நேரில் காட்டினால் சேர்க்கலாம் என்று குழு பதில் எழுதியது. அச்சில் சேர்த்தால்தான் அவை நேரில் சேரும் என்று அவள் எழுதினாள். நேரில் சேர்ந்தால்தான் அச்சில் சேர்க்க முடியும் என்று குழு எழுதியது. குழுவில் ஆட்கள் மாறினார்கள், பதில் மாறவில்லை. கடைசியில் யாரோ ஒரு நல்ல மனது உள்ளவர் ஒரு வழி சொன்னார்: பெயர் வைத்தவரே தான் வைத்த பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டால் ஆதாரம் எதுவும் வேண்டாம். ஆக, உலகம் முழுக்கச் சுற்றிவிட்டுப் பிரச்சினை எதிர் மேசைக்கே வந்து சேர்ந்தது.

அவர் மாட்டேன் என்றார். கல்யாண நாள் பரிசை யாராவது திரும்ப வாங்குவார்களா என்றார். இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. இரண்டு பெயரும் ஒரே இனத்துக்கு என்று ஆகிவிட்டால் பின்னால் வைத்த பெயர் முன்னால் வைத்த பெயருக்குள் அடங்கிவிடும்.

"அம்மா பேருக்குள்ள உன் பேரு அடங்கிடும், தெரியுமில்ல? நீ அடங்கற ஆளா?"

"நான் அடங்கறேனோ அடங்கலையோ, அதுங்க செத்துக்கிட்டிருக்குதுங்க!"

"உன் பேரை என் கையாலயே அழிக்கச் சொல்றியா?"

இப்படியே வருடங்கள் ஓடின. அறையின் மின்விசிறி இரண்டு முறை மாறியது, இதழின் விலை ஏறியது, இருவருக்கும் தலை நரைத்தது. தினமும் காலையில் அவள் கத்துவாள், அவர் இழுப்பறையைத் திறந்து வேறு ஏதோ ஒன்றைப் பிரிக்க ஆரம்பிப்பார். ஜன்னல் திரையில் ஒட்டிக்கொண்டிருந்த வாலில்லாதவை ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் அளவுக்குக் குறைந்துபோயின.

அப்புறம் ஒரு நாள் காலையில் அவள் எழுந்து வந்தபோது, சாப்பாட்டு மேசையில் யாரோ ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நரைத்த மீசை. சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் தைத்திருந்தது. அவள் சமையலறைக்குள் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "யாரு அத்தை அவரு? அவரு பாட்டுக்கு உட்கார்ந்து சாப்பிடறாரு?"

மாமியார் இதையும் ஒரு குத்தல் என்றுதான் நினைத்தார். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏம்மா, கட்டினவனைத் தெரியலையா? என்னையாவது தெரியுதா?"

"உங்களை எப்படி அத்தை மறக்க முடியும்?"

பயப்படாதீர்கள், அவளுக்கு நோய் ஒன்றும் இல்லை. பெயர் கொண்டவற்றுக்கு ஆண் அறியப்படவில்லை என்றால், பெயர் கொடுத்தவளுக்கும் அதுதானே நியாயம்? இத்தனை வருடம் தாமதமானதுதான் ஆச்சரியம். அன்று முதல் அவள், முன்பின் தெரியாத ஆண்பிள்ளை இருக்கிற அறையில் படுக்க முடியாது என்று பாயைத் தூக்கிக்கொண்டு மாமியார் அறைக்கு வந்துவிட்டாள். மருமகளின் குறட்டையைக் கேட்ட பிறகு மாமியாருக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தோஷமும் போய்விட்டது.

அலுவலகத்திலும் எதிர் மேசையில் அதே ஆள் உட்கார்ந்திருந்தார். மாற்றலாகி வந்தவர் போலிருக்கிறது, தங்க இடம் கிடைக்காமல் மேலிடத்தில் சொல்லி வீட்டில் தங்க வைத்திருக்கிறார்கள் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்து, பழைய இதழை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"சார், ஒரு நிமிஷம். இதை எழுதினவரை உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கேள்விப்பட்டிருக்கேன்."

"நல்லாப் படிச்சவர்தான் சார். எழுத்து அவ்வளவு சுத்தம். ஆனா பாருங்க, ஆண் இல்லாம இதுங்க எப்படி நிலைக்கும்னு மட்டும் யோசிக்கலை."

அவள் இழுப்பறையை அவருடைய மேசைக்கே எடுத்து வந்தாள். ஊசியில் நிறுத்தியிருந்த வாலுள்ளதையும் வாலில்லாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இறக்கை நரம்பு நரம்பாகக் காட்டினாள். பழைய முட்டை ஓடுகளைக் காட்டினாள். வீட்டில் வளர்த்த கதையைச் சொன்னாள். எல்லாம் அவர் எத்தனையோ முறை கேட்டதுதான். ஆனால் கத்தலோடு கேட்டபோது கத்தல் மட்டும்தான் காதில் விழுந்திருந்தது. சார் சார் என்று மரியாதையாகச் சொன்னபோது பூச்சி கண்ணில் பட்டது.

"உங்க மேல இருக்கிற பிரியத்துல அப்படிப் பேரு வச்சிருக்கலாம்" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"பிரியம்னா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

அவர் தலையைத் தூக்கினார். ஜன்னல் திரையைப் பார்த்தார். கைப்பிடி அளவு இருந்தது போய் அங்கே ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதுவும் சாய்ந்துகொண்டு. "உங்க பேரு போயிடுமே" என்றார்.

"போகட்டும் சார். அதுக்கு ஒரு துணை கிடைச்சாப் போதும்."

அவர் தாளை எடுத்து, பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க சார்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் இவ்வளவு பணிவான நன்றியை வாங்கியதில்லை.

குழு தன் வழக்கப்படி தாமதம் செய்தது. அச்சகம் தன் வழக்கப்படி தாமதம் செய்தது. அந்த ஒற்றைப் பூச்சியை அவள் தேன்தண்ணீர் நனைத்த பஞ்சில் உட்கார வைத்து, போகிற இடமெல்லாம் தோளில் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஒரு மாலையில் இதழ் வந்தது. அவர் பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். அவள் தோளில் இருந்தது எழுந்து, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து பறந்து, எதிர்ச் சுவரில் வெகுகாலமாக உட்கார்ந்து உட்கார்ந்து பழகியிருந்த ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே போய் இறங்கியது. அங்கே பெரிய கலவரமே நடந்தது. அவள் அதைக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"எங்கேங்க போயிருந்தீங்க இத்தனை நாளா?" என்று கணவர்மேல் பாய்ந்தாள். "இங்கே ஒருத்தர் வந்து உட்கார்ந்திருந்தாரு. நல்ல மனுஷன். ஒருதடவை சொன்னதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரு. உங்களை மாதிரி இல்லை."

அந்த மனிதரை அவள் பிற்பாடும் அடிக்கடி நினைத்துக்கொண்டு சொல்வாள். கேட்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

எலுமிச்சைச் செடியில் புழுக்கள் வந்தன. ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வாலுள்ளதும் வாலில்லாததும் வெளிவந்து, ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு பறந்தன. பெயர் மட்டும் விதிப்படி அடங்கிப்போனது. அவளுடைய பழைய பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அது அவள் காதில் விழுவதில்லை. கூப்பிடுகிறவருக்கே அந்தப் பெயர் பாதியில் மறந்துவிடும். மாமியாரின் பெயரைச் சொன்னால்தான் திரும்பிப் பார்ப்பாள். "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான், அதுலயும் பங்குக்கு வந்துட்டா" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார். அப்புறம் அவருக்கும் சலித்துவிட்டது. இப்போது வாசலில் நின்று யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், உள்ளேயிருந்து இரண்டு குரல் "இதோ வரேன்" என்கிறது. கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் போய்த் திறக்கிறார்.